ஐந்து விரல் மரியாதை

ஆர்கிரோ கப்பல் பார்க்கப் போகிறாள் என்றதும், கப்பல் பட்டறைகளை நம்பிப் பிழைக்கும் எங்கள் கிரேக்க ஊரான பெராமாவே வாயைப் பிளந்தது. கப்பல் என்றாலே காறித் துப்புகிறவள் அவள். புருஷன் பந்தெலிஸ், பழுதுபார்க்க வந்த ஒரு கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி, விஷவாயுவில் மூச்சு முட்டிச் செத்தவன். இறக்கியது மேஸ்திரி லாம்ப்ரோஸ். வாயு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமலே இறக்கினான், படுபாவி. விசாரணையில் கூசாமல் என்ன சொன்னான் தெரியுமா? "குடிச்சிட்டு அவனாவே இறங்கிட்டான்." மருந்துக்குக்கூட ஒரு சொட்டு தொடாத மனுஷன்! அன்றிலிருந்து ஊருக்கு அவள் குடிகாரன் பெண்டாட்டி.

லாம்ப்ரோஸின் அந்த வாயாலேயே அது பொய் என்று சொல்ல வைக்க வேண்டும், அதுவும் ஊர் முன்னால். அவளுக்கு வேறு எந்த ஆசையும் மிச்சமில்லை.

சீனப் போர்க்கப்பல் ஒன்று பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்தில், ஊர் மக்கள் ஏறிப் பார்க்கலாம் என்று வந்து நின்றது. வரவேற்புக் குழுத் தலைவர் யார்? சாட்சாத் லாம்ப்ரோஸ்தான். கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, கப்பலைத் தானே கட்டியவன் மாதிரி முன்னால் நடந்தான். கறுப்பு உடுப்பில் ஆர்கிரோ பின்னாலேயே போனாள். மொழிபெயர்க்க யான்மெய் என்று ஒரு சீனப் பெண். ஏவுகணைகளைக் காட்டினாள்.

"இது எவ்வளவு தூரம் போகும்மா?" என்றாள் ஆர்கிரோ.

"அது ரகசியம் அம்மா."

"பெராமா வரைக்கும் போனா போதும். வீட்டை நான் காட்டறேன்."

பக்கத்தில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். லாம்ப்ரோஸ் காது கேளாதவன் போல் நகர்ந்தான்.

அடுத்த மேசையில் தீயணைப்பு உடுப்பு, மூச்சுக் கருவி, அவற்றோடு கைக்கடக்கமாக ஒரு மஞ்சள் பெட்டி. மாலுமி அதை எடுத்துக் காட்டினான். "மூடின அறைக்குள்ள யாரும் இறங்கறதுக்கு முன்னாடி இதை வெச்சு வாயு பார்ப்பாங்க," என்றாள் யான்மெய்.

லாம்ப்ரோஸ் நெஞ்சை நிமிர்த்தினான். "எங்க பட்டறையிலயும் அப்படித்தான். இது இல்லாம ஒருத்தனையும் நான் இறக்கினதில்லை!"

அடப்பாவி! ஆர்கிரோவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இந்தா!"

எங்கள் ஊரில் அதற்கு மேல் வசவு கிடையாது, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினால் தவிர. அதற்காகக் கத்திக்குத்துகூட நடந்திருக்கிறது. லாம்ப்ரோஸ் முகம் செத்துப்போனது.

"அது என்ன சைகை அம்மா?" யான்மெய் ஆசையாகக் கேட்டாள். கிரேக்க மொழியைக் கல்லூரியில் படித்த பெண். வசவை எந்தப் பாடத்தில் சொல்லித் தருவார்கள்?

ஆர்கிரோ கண்கூட இமைக்கவில்லை. "பெரிய மனுஷங்களுக்கு நாங்க பண்ற மரியாதைம்மா. அவர் இறங்கிப் போறப்ப நீங்களும் பண்ணுங்க. குளிர்ந்து போயிடுவார்."

பெராமாக்காரர்கள் ஒருவராவது வாயைத் திறக்கவேண்டுமே! ஊஹூம். யான்மெய் அதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அதிகாரிக்கு ஏக சந்தோஷம்.

லாம்ப்ரோஸ் இறங்கும்போது ஏணியின் மேல்முனையில் மாலுமிகள் இரு வரிசையாக விறைப்பாக நின்று, சிரித்த முகத்தோடு, அத்தனை உள்ளங்கைகளையும் அவன் முகத்துக்கு நேராக நீட்டினார்கள். கீழே காத்திருந்த ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவன் தடுமாறி இறங்கினான். ஆர்கிரோ இன்னொரு வழியாக இறங்கி வந்து மறித்தாள். அவள் சிரிக்கவில்லை.

"போதும் ஆர்கிரோ. மானம் போச்சு."

"எனக்கு இன்னொரு கை இருக்கு, லாம்ப்ரோஸ். அன்னிக்கு மீட்டர் வெச்சியா?"

அவன் சுற்றிலும் பார்த்தான். "இல்ல."

"சத்தமா!"

"இல்ல! மீட்டர் வெக்காம நான்தான் இறக்கினேன். அவன் குடிக்கல. போதுமா?"

சிரிப்பு பட்டென்று நின்றது. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். ஆர்கிரோவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது, துடைக்கவில்லை. லாம்ப்ரோஸ் தப்பித்தோம் என்று மூச்சு விட்டான்.

"உண்மையைச் சொன்னா விட்டுடுவேன்னு யார்டா சொன்னது?" என்று கேட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். "இந்தா!"