கார் கேரியரில் வந்த இரண்டு சைக்கிள்கள்

மாரெட்பள்ளியில் நான் சைக்கிள் ஒர்க்‌ஷாப் வைத்து வெகுகாலமாகிறது. ரோடு பைக் வைத்திருப்பவர்களில் ஓட்டுகிறவர்கள் ஒரு வகை, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு வகை. எனக்குச் சோறு போடுவது இரண்டாம் வகைதான்.

கோயம்புத்தூர்க்காரர் கணேஷ் ஐ.டி. வேலைக்காக இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் கேரியரிலிருந்து தன் இரண்டு ரோடு பைக்குகளையும் இறக்கினார். ஒன்று பழைய ஸ்டீல் ஃபிரேம். கியர் மாற்றக் குனிந்து, ஃபிரேமில் இருக்கும் நெம்புகோலைத் தள்ள வேண்டும். இன்னொன்று கார்பன், பட்டனைத் தொட்டால் பேட்டரியே கியரை மாற்றிவிடும். கூடவே மனைவி வித்யாவும் வந்திருந்தார். ஃபிளாட்டில் இனி ஒரு சைக்கிளுக்குத்தான் இடம், மற்றதை விற்றாக வேண்டும் என்பது அவர் உத்தரவு. எதை என்று நான் சொல்ல வேண்டுமாம்.

இரண்டும் இருந்தால்தானே எனக்கு இரண்டு சர்வீஸ்? ஸ்டீல் மேடு பள்ளத்தில் அவ்வளவாகக் குலுக்காது, விரிசல் விட்டாலும் பற்றவைத்துவிடலாம் என்றேன். கார்பன் கையில் தூக்கினால் எடையே தெரியாது, டிஸ்க் பிரேக் மழையிலும் பிடிக்கும் என்றேன். கணேஷ் இரண்டுக்கும் தலையாட்டினார். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்க வந்தவர்போல நின்றார். எனக்கே பாவமாக இருந்தது.

வித்யா குனிந்து டயர்களைத் தடவினார். "இதென்னங்ணா, ரப்பர் முடி முடியா நீட்டிட்டு இருக்குது?"

"புது டயர்ல இருக்கும் மேடம். ஓட்டினா தேஞ்சிடும்."

இரண்டு சைக்கிளுக்கும் போன வருஷமே டயர் மாற்றிக் கொடுத்தவன் நான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. கணேஷ் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வித்யா அவரிடம் கார் சாவியை வாங்கிக்கொண்டார். "எதுல மிதிச்சு வீடு வந்து சேர்றீங்களோ, அது இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு சைனிக்புரியில் இருக்கும் ஃபிளாட்டுக்குக் கிளம்பிப் போயே விட்டார்.

கணேஷ் கார்பனில்தான் முதலில் ஏறினார். பேட்டரியில் உயிர் இல்லை, கியர் நகரவில்லை. சார்ஜர் வீட்டில். வேறு வழியில்லாமல் பழையதை எடுத்தார். நெம்புகோல் சார்ஜ் கேட்கவில்லை.

கார்பன் இன்னும் விற்பனைக்காக என் கடையில்தான் தொங்குகிறது. யார் கேட்டாலும் ஏதாவது சொல்லி அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறார் கணேஷ். அதைத் துடைத்து வைத்துவிட்டுப் போக ஞாயிறுதோறும் பழையதில் மிதித்து வருகிறார். பழையதன் டயரில் இப்போது முடி ஒன்றுகூட இல்லை. பழையதா புதியதா, எது நல்ல சைக்கிள் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் நான் ஃபிரேமைப் பார்ப்பதில்லை; டயரைப் பார்க்கிறேன்.