கொடுக்குக் கட்டின நண்டு

வாழைச்சேனை வாவியில் நண்டு பிடிக்கிற நல்லரத்தினத்துக்கு அன்று ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பாசிக்குடா ஹோட்டலின் கேட் பூட்டிக் கிடந்தது. கொரோனாவுக்குப் பயந்து வெள்ளைக்காரர்களெல்லாம் விமானம் ஏறிவிட்டார்கள்.

"எப்ப திறப்பாங்க எண்டு பெரியாக்களுக்கே தெரியாது அண்ணன். போங்க," என்று காவல்காரன் உள்ளே நின்றபடியே கையை ஆட்டினான்.

மோட்டார் சைக்கிளின் பின்கூடையில் நாற்பது நண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கொடுக்கையும் நைலோன் கயிற்றால் கட்டி, உயிரோடு கொண்டுவந்திருந்தான். செத்த நண்டை யார் வாங்குவார்? இருட்டுவதற்குள் விற்காவிட்டால் வீட்டில் உலை ஏறாது. ஊரடங்கென்று சந்தையும் இல்லை. போக ஒரே ஒரு வாசல்தான் மிச்சம். அங்கே போய் நிற்கத்தான் அவனுக்கு முகமில்லை.

சுனாமியில் அவனுடைய தோணியும் வலையும் போனபோது, நண்டு விற்கும் அன்னப்பூரணிதான் தன் புருசனின் தோணியைக் கொடுத்தாள். அந்த மனுசனையும் கடல்தான் கொண்டுபோயிருந்தது, தோணியை மட்டும் விட்டுவைத்து. "நீ பிடி தம்பி, நான் விக்கிறன்," என்றாள். சண்டைக் காலத்தில் ஆமி தொழிலுக்கு விட்ட நாளெல்லாம் அவன் பிடித்தான், அவள் விற்றாள். சண்டை முடிந்து ஹோட்டல்கள் எழும்பியதும் நண்டெல்லாம் அங்கே போயிற்று. அவளிடம் ஒரு வார்த்தை சொன்னானா என்றால், அதுதான் இல்லை. அவள் வீட்டு வாசற்படலையைத் தாண்டும்போது மோட்டார் சைக்கிளை வேகமாய் முறுக்கத்தான் நம் ஐயாவுக்குத் தெரிந்தது.

இரண்டு தரம் அந்தப் படலைவரை போய்த் திரும்பினான். மூன்றாம் தரம் அவளே வந்து திறந்தாள்.

"அக்கா... கொஞ்சம் நண்டு கிடக்கு."

"இறக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் குந்தியிருந்து ஒரு நண்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதென்ன தம்பி கட்டு?"

"ஹோட்டல்ல கேக்கிறாங்க அக்கா. குசினில சமைக்கிறவங்கட கையக் கடிச்சுப் போடும் எண்டு."

"ஓம், கடிக்கும்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். நண்டைப் பிடித்திருந்த அவள் கையை அவன் அப்போதுதான் பார்த்தான். பெருவிரலில் பாதி நகம் இல்லை, மற்ற விரல்களெல்லாம் பழைய தழும்பு. எட்டு வருசம் அவள் முற்றத்தில் கொட்டிய நண்டில் ஒன்றுக்காவது அவன் கயிறு போட்டதில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது.

பொழுதுபடுவதற்குள் அயல் வீடுகளுக்கெல்லாம் விற்று முடித்துவிட்டு, "நாளைக்கும் கொண்டா," என்றாள்.

மறுநாள் விடிய, நல்லரத்தினம் தோணிக்குள் குந்தியிருந்து நைலோன் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டினான். ஹோட்டல் பூட்டியபடிதான் கிடந்தது. சின்ன நண்டைக்கூட விடாமல் இரண்டு கொடுக்கையும் இறுக்கிக் கட்டினான்.