நம்ம ஆளு

பெடாஸ் வட்டாரத்தில் மகேந்திரனுக்கு அரசியல் தெரியாது என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது. மனுஷன் எல்லாப் பக்கத்துக்கும் மைக் பிடித்தவர். ஒவ்வொரு பக்கத்துக்கும் மனசாரத்தான் போனார், அதுதான் கூத்து. காசுக்குப் பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய இளவயதில் தொழிற்சங்கம்தான் அவருக்கு எல்லாம். கூட்டத்தில் வாயைத் திறந்தால் முதலில் விழுவது "நம்ம ஆளுங்க" என்ற சொல். தோட்டத்தில் கத்தி பிடித்த அத்தனை பேருக்கும் அன்றைக்கு அதில் இடம் இருந்தது. வேலை நிறுத்தத்தின்போது பக்கத்து லயத்து ஜாவாக்காரர் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டியில்தான் சோறு. முதலாளி ஒருவர்தான் வெளி ஆள்.

தொண்ணூற்றேழில் ரிங்கிட்டின் மதிப்பு விழுந்தது. பால் மரத்தைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். குறைந்த கூலிக்கு வர இந்தோனேசியாவில் ஆள் இருந்தது. சங்கம் வாயைப் பொத்திக்கொண்டது. மகேந்திரனுக்குப் பயம் வந்தது. பயந்தவன் கையில் கிடைத்த தூணைப் பிடித்துக்கொள்வான். அவர் ஆளுங்கட்சிக் கிளையில் சேர்ந்தார். "இருக்கிறத விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாதீங்க" என்று பிரசாரக் கூடாரம் கூடாரமாகப் பேசினார். இப்போது "நம்ம ஆளுங்க" என்றால் தமிழர்கள் மட்டும். ஜாவாக்காரரை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை, அவராகவே வருவதை நிறுத்திக்கொண்டார்.

பத்து வருஷம் கழித்து அரிசி, எண்ணெய் விலை ஏறியது. தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து வீடமைப்புக்காரன் வேலி போட்டான். மகேந்திரன் கொதித்துப்போய் எதிர்க்கட்சி மேடையில் ஏறினார். அங்கே அந்தச் சொல் மறுபடி அகலமானது. மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரரின் மகன்கூட அதற்குள் வந்து உட்கார்ந்தான். அவர் பேசியதிலேயே நல்ல பேச்சு அந்தக் காலத்துப் பேச்சுதான்.

பிறகு சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெருந்தொற்று வந்ததும் அவர் வயதுக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஹாஸ்டலில் இருந்த பங்களாதேஷ்காரர்களை வைத்துக்கொண்டார்கள். முடிவெடுத்த முதலாளி குளிர்சாதன அறைக்குள் இருந்தார், கண்ணில் படவில்லை. ஹாஸ்டல் பஸ் தினமும் கண்ணில் பட்டது. கோபத்துக்கு எதிரே ஒரு முகம் வேண்டும், மகேந்திரனின் கோபத்துக்கு அந்த பஸ்ஸின் ஜன்னல்களில் முகங்கள் கிடைத்தன.

அந்த நாட்களில் குடும்பம் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டவன் சீனி முகமது. பெடாஸில் மதார் மைதீன் நானாவின் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறவன், ராமநாதபுரம் பக்கத்து ஆள். மகேந்திரன் மனைவி திலகா அந்தக் கடையில்தான் மசாலா அரைத்தாள். கடை மூடும் நேரத்தில் மீந்த குழம்பையும் ரொட்டியையும் கட்டி, "அண்ணனுக்குக் குடுங்கக்கா" என்று அவள் பையில் வைத்துவிடுவான். அவனுக்கு ஒரே கவலை வேலை பெர்மிட். ஏஜெண்டு பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு போனவன் போனவன்தான், இதோ அதோ என்று இழுத்துக்கொண்டே இருந்தான். தேதியும் முடிந்துவிட்டது. ஊரில் பாதியில் நிற்கும் வீட்டுக்குக் கூரை போடும்வரை எப்படியாவது இங்கே இருந்துவிட வேண்டும் என்பான்.

"நீ ஏன்டா பயப்படுற? நம்ம ஆளு ஜெயிச்சு வந்தா எல்லாம் சரியாயிரும்" என்பார் மகேந்திரன்.

சட்டமன்றத் தேர்தல் வந்தது. வெளியாட்களை விரட்டுவோம் என்று முழங்கிய வேட்பாளருக்கு அவர் மைக் பிடித்தார். வயிற்றெரிச்சலில் பேசியதாலோ என்னவோ, கைத்தட்டல் அள்ளியது. "பெர்மிட் இல்லாதவன் நம்ம பசார்ல, நம்ம கடையில என்னா பண்றான்? வந்து சோதனை போடுங்க, ஒருத்தன் விடாம" என்றார். அந்தக் கூடாரத்துக்குத் தே தாரிக் டீ கொண்டுவந்தது சீனி முகமதுதான். ஓரமாக நின்று கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லாப் பேசுனீங்கண்ணே" என்று முதல் கிளாஸை அவருக்கு நீட்டினான். அவனும் தன்னைச் சொல்லவில்லை என்றுதான் நினைத்தான். தமிழ் பேசுகிறவன் எப்படி வெளியாளாவான்?

திலகாவுக்கு மட்டும் உறுத்தியது. "அவனுக்கும்தான் பெர்மிட் இல்ல, யோசிச்சுப் பேசுங்க" என்றாள் வீட்டில்.

"அவன் வேறலா. அவன் நம்ம ஆளு."

வேட்பாளர் ஜெயிக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு விழுந்த கைத்தட்டல் ஜெயித்தவர்கள் காதிலும் விழுந்திருந்தது. அடுத்த மாதமே ஒரு காலையில் அதிகாரிகள் லாரியோடு பசாருக்கு வந்தார்கள். காய்கறிக் கடையில் இரண்டு பேர், கோழிக் கடையில் ஒருவன் என்று பிடித்துக்கொண்டே நானா கடைக்குள் நுழைந்தார்கள். மகேந்திரன் அப்போது வாசல் மேஜையில் உட்கார்ந்து, நடப்பதைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்று பாஸ்போட் கேட்டார். சீனி முகமது மாவுக் கையோடு மகேந்திரனைப் பார்த்தான். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இனி ஓராங் கித்தா, துவான்" என்றார். இவன் நம்ம ஆளு ஐயா. வாழ்நாள் முழுக்கத் தமிழில் சொன்னதைத்தான் மலாயில் சொன்னார்.

அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார். "கித்தா மானா, பாச்சிக்?" எந்த நம்ம, பெரியவரே?

மேடையில் ஒரு நாளும் தடுமாறாத மனுஷன் மனசுக்குள் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பார்த்தார். தமிழன் என்று சொன்னால் அது சட்டத்தில் இல்லை. தொழிலாளி என்று சொன்னால் லாரியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற பங்களாதேஷ்காரனும் தொழிலாளிதான். நானா கல்லாவிலிருந்து ஓடிவந்து ஏஜெண்டின் பெயரைச் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டார், ஆனால் சீனி முகமதுவின் தோளைத் தொட்டு நடக்கச் சொன்னார்.

மகேந்திரன் லாரிவரை கூடவே போனார். அவருக்கு வெட்கமாக இருந்தது, யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சீனி முகமது ஏறுவதற்கு முன் திரும்பினான். அவன் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே நம்பித்தான் கேட்டான்.

"அண்ணே, அவுககிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுங்கண்ணே. நீங்க சொன்னாக் கேப்பாக. நீங்க சொல்லித்தானே வந்திருக்காக."

லாரி போனது. கடைக்குள் கல்லில் கிடந்த ரொட்டி கருகி வாடை வந்தது. திலகா போய் அடுப்பை அணைத்தாள்.