எட்டுப் பேரு படுக்குற ரூமு

புது பேக்கைத் தொறந்தா ஒரு வாசன வரும் பாருங்க... எங்க வீட்டுல எப்பவும் கந்தக வாடைதான். எம்புட்டுத் துவைச்சாலும் அவுக சட்டைய விட்டுப் போகாது. மக ஊருக்குக் கிளம்புறதுக்கு பேக்கு வாங்குன அந்த ஒரு வாரம் மட்டும் அதையும் மீறி புது பேக்கு வாசன வீடு பூரா நின்னுச்சு.

அவுகன்னா எங்க வீட்டுக்காரக. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனில மருந்து கலக்குற வேல. அங்கனயே நான் பாக்கெட் போட்டேன்.

மக பாண்டீஸ்வரி விருதுநகர்ல காலேஜ். டூரிசம் படிப்பு. கடைசி வருசத்துக்கு முன்னால வெளிய போயி வேல பழகிட்டு வரணுமாம், இன்டர்ன்ஷிப்பு. மெட்ராஸ் பக்கம் ஒரு பெரிய தீம் பார்க்குல கெடச்சது. ராட்டினத்துல ஏறுறவுகளுக்கு பெல்ட் மாட்டி விடணும், வாரவுகள சிரிச்ச முகமா கூப்பிடணும்.

லீவு நாள்ல கூட அவள கம்பெனிப் பக்கம் விட்டதில்ல அவுக. இந்த வேல நம்ம ரெண்டு பேரோட போகட்டும்னு சொல்லுவாக. அதனால இன்டர்ன்ஷிப்புன்னதும் அவளவிட அவுகளுக்குத்தான் சந்தோசம்.

நாள் பூரா நிக்கணும்னு ஷூவை வீட்டுக்குள்ளயே போட்டு நடந்து பழகுவா. மருந்து ரூம்புக்குள்ள வெறுங்காலோட போயே பழகுன மனுசன், ஷூ சத்தம் கேட்டாலே திரும்பித் திரும்பிப் பாப்பாக. கண்ணாடி முன்னால நின்னு வெல்கம் வெல்கம்னு சிரிப்பா. "ஏத்தா, வாய் சுளுக்கிக்கிரப் போகுது"ம்பாக.

எல்லாம் நல்லாத்தான் போச்சு...

கிளம்ப நாலு நாள் இருக்கையில ஹாஸ்டல் விவரம் வந்துச்சு. ஒரு ரூம்புக்கு எட்டுப் பேரு. சாப்பிட்டுக்கிட்டு இருந்தவுக கைய எடுத்துட்டாக.

"நாலு பேருக்கு மேல ஒரு ரூம்புல இருக்கக் கூடாது. போக வேண்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பட்டாசு கம்பெனில உள்ள சட்டம் அது. மருந்து ரூம்புல நாலு பேருதான் இருக்கணும். ஒண்ணு ஆச்சுன்னா எல்லாரும் வெளிய ஓடணும்ல. அது தூங்குற ரூமுங்க, மருந்து ரூமான்னு கேட்டேன். ரூமு ரூமுதான்னுட்டாக.

காலேஜ் மேடத்துக்கு அவுகளே போன் போட்டு, அந்த ரூம்புக்கு எத்தன கதவுன்னு கேட்டாக. அந்தம்மாவுக்கு ஒண்ணும் வெளங்கல. கதவுக்கு என்ன சார், நல்ல கதவுதான்னு சொல்லி வச்சுட்டாக.

ரெண்டு நாள் நானும் சொல்லிப் பாத்தேன். போகலேன்னா மார்க்கு போயிரும். படிப்பு முடியாது. முடியலேன்னா அவளும் எங்க பின்னாலதான் வரணும். அது அவுகளுக்கும் தெரியும். தெரிஞ்சும் மனசு எறங்கல.

கடைசியில பாண்டீசு பொறுக்காம கேட்டுட்டா.

"நீங்க தெனம் மருந்துக்குள்ள கைய விட்டுட்டு வாரீக. நான் ஒரு கட்டில்ல படுத்து எந்திரிக்கக் கூடாதாப்பா?"

அப்பத்தான் அவுக சொன்னாக. எங்க கல்யாணத்துக்கு முன்னால ஒரு சீசன். கம்பெனில பக்கத்து மருந்து ரூம்புல நாலு பேருக்கு மேல ஆளக் கூட்டி உக்கார வச்சிருக்காக. தீப்பிடிச்சப்போ எல்லாரும் ஒரே வாசலுக்கு வந்துட்டாக. ஒருத்தர ஒருத்தர் மறிச்சுக்கிட்டு... யாராலயும் வர முடியல. அவுக வெளிய நின்னு பாத்திருக்காக. அத்தன வருசம் கூட இருந்திருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல.

பாண்டீசு அழுதுட்டா. நான் போகலப்பான்னா.

"போகணும்த்தா. நான் வந்து பாத்து விட்டுட்டு வாரேன்."

மூணு பேரும் பஸ் ஏறிப் போனோம். ஹாஸ்டல் ரூம்புல ஒரே கதவுதான். ராத்திரி வெளிய பூட்டுவீகளான்னு வார்டன் அம்மாகிட்ட கேட்டாக. உள் தாப்பா மட்டுந்தான்னு அந்தம்மா சொன்னாக. அவுக அந்தத் தாப்பாள நாலு தடவ போட்டுப் போட்டுத் தொறந்து பாத்தாக. அப்புறம் மூலையில கெடந்த எம்மக கட்டில அவுகளே இழுத்துட்டு வந்து கதவோரமாப் போட்டாக. உள்ள இருந்த பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

"அங்கிள், கதவுப் பக்கம் கொசு வரும்."

"வரட்டும்மா. கொசுதான?"

வெளிய வந்தப்பொறம் அந்தப் பெரிய ராட்டினத்த அண்ணாந்து பாத்தாக. இதுல எல்லாம் எவன் ஏறுவான்னு மெரண்டு போயி நின்னாக. நான் இன்னமும் நெனச்சா சிரிப்பேன்... சிரிச்சுட்டு அழுவேன்.

அவ வேல பழகிட்டுத் திரும்பி வந்து காலேஜுக்குப் போக ஆரம்பிச்சுட்டா. அந்தத் தீவாளிக்கு ஆர்டர் ஜாஸ்தி. அவுக ரூம்புலயும் ஆளக் கூட்டிட்டாக. தீப்பிடிச்சப்போ உள்ள எத்தன பேருன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாக. நாலு இல்லன்னும், அவுக வெளிய வரலன்னும் மட்டும் தெரியும்.

மகளுக்காக அம்புட்டுக் கேள்வி கேட்ட மனுசன், அன்னிக்கு ஆளக் கூட்டுனப்பவே ஏன் எந்திரிச்சு வரலன்னு நானும் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன். எந்திரிச்சா மறுநாள் வேல இருக்காது. பிள்ளைக்கு இன்னும் படிப்பு பாக்கி இருந்துச்சு. வேற என்ன...

பாண்டீசு படிச்சு முடிச்சு அதே பார்க்குல வேலைக்குச் சேந்துட்டா. புதுசா வர்ற பிள்ளைகளுக்கு இப்ப அவதான் வேல பழக்கி விடுறா. கம்பெனிக்குப் போகக் கூடாதுன்னு என்னைய நிப்பாட்டிட்டா.

விடிஞ்சும் விடியாம கம்பெனி வேன் எங்க தெருவுக்குள்ள வரும். முன்னாடியெல்லாம் டிரைவர் எங்க வாசல்ல நின்னு ரெண்டு ஹாரன் அடிப்பான். தூக்குவாளிய எடுத்துக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் ஓடுவோம்.

இப்ப நிக்காமப் போயிருது. அவுக ஆசப்பட்ட மாதிரியே, எங்க வீட்டுல இருந்து யாரும் அதுல ஏறுறதில்ல.