தம்பிக்கு வைத்த உரம்

எலும்பில் கல்சியமும் பொஸ்பேட்டும் இருக்கின்றன என்று விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர் கரும்பலகையில் எழுதியபோது எனக்குப் பதினொரு வயது. மற்றவர்கள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். நான் மட்டும் எழுந்து நின்றேன்.

"சேர், பொஸ்பேட் கம்மியா இருந்தா காலு வளையுமா?"

"வளையும். எலும்பு, பல்லு மட்டுமில்ல, நாம ஓடுற தெம்புக்கும் அதுதான் வேணும்."

என் தம்பியின் கால்கள் வில்லாய் வளைந்திருந்தன. தை மாதம் அவனை முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடமோ மலைக்கு மேலே. நடந்து வரக்கூடிய பிள்ளை என்றால் சேர்த்துக்கொள்வதாகப் பெரிய சேர் சொல்லியிருந்தார். அவிசாவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று அம்மா ஒரு நாள் லீவுக்காகக் காத்திருந்தாள்.

எங்களுடையது தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா மரங்களுக்கு உரம் போடுகிறவர். காலியான உரச் சாக்குகள் வீட்டுக்கு வரும், நான் பீலித் தண்ணீரில் அலசிக் கொடுப்பேன், அம்மா சாரல் அடிக்காமல் வாசல் பக்கத்து இஸ்தோப்பில் கட்டுவாள். அந்தச் சாக்கில் சிங்களத்தில் 'பொஸ்பேட்' என்று பெரிதாக எழுதியிருக்கும். வகுப்பில் முதலாம் பிள்ளையான எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ரப்பர் மரத்துக்கு ஆகிறது தம்பிக்கு ஆகாதா?

அலசுவதற்கு முன் சாக்கு மூலைகளை உதறி, மிஞ்சிய தூளைப் பால்மா டின்னில் சேர்த்தேன். அம்மா வேலையால் வருவதற்குள் அவனுடைய தேத்தண்ணியில் போட்டுக் கலக்குவேன். எவ்வளவு கலக்கினாலும் தூள் அடியில் போய் உட்காரும். அடிமண்டியில்தான் சத்து இருக்கிறது என்று அதையும் குடிக்க வைத்தேன்.

"பல்லுல மண்ணு கடிக்குது அக்கா."

"கடிக்கட்டும். காலு நேராகணுமா வேணாமா?"

"நேராகணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை வாசலில் நிறுத்தி, முழங்கால்களுக்கு நடுவில் என் முஷ்டியை வைத்து அளந்தேன். முதல் வாரம் கை தாராளமாகப் போய் வந்தது. மூன்றாவது வாரம் எடுக்க முடியாமல் இறுகிக்கொண்டது. நான் குதித்தேன். அவனும் சிரித்தான். "நேராகுதும்மா" என்று நான் ஓடிப்போய்ச் சொன்னதை நம்பி, அம்மா ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டாள்.

பிறகு அவனுக்கு வாந்தி பிடித்தது. என்னத்தைத் தின்றாய் என்று அப்பா அதட்டினார். நான் கதவோரம் நின்றேன். தம்பி என்னை ஒரு தடவை பார்த்தான்.

"மண்ணு தின்னேன்ப்பா."

கொய்யா விளாறால் அடி விழுந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் டின்னை ஆற்றில் எறிந்தேன். இன்றுவரை எனக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தை மாதம் புதுச் சட்டையோடு பள்ளிக்கூடம் புறப்பட்டவன், பாதி மலையில் தண்ணீர் போகும் போக்குக்கல்லில் உட்கார்ந்துவிட்டான். அப்பா தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

பல வருடம் கழித்துக் கொழும்பில் ஒரு டாக்டர் காரணம் சொன்னார். அவன் உடம்பில் பொஸ்பேட் தங்குவதில்லை, சிறுநீரோடு போய்விடுகிறது. கரையக்கூடிய பொஸ்பேட் மருந்தைச் சின்ன வயதிலேயே கொடுத்திருந்தால் கால் இவ்வளவு மோசமாகியிருக்காது. பெயரளவில் நான் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறேன். ஆனால் சாக்கில் இருந்தது பாறையை அரைத்த தூள். அது தண்ணீரில் கரையாது. அமிலம் கலந்த மண்ணில் வருடக்கணக்காகக் கிடந்து மெல்லக் கரையும். மரங்களால் அதுவரை காத்திருக்க முடியும்.

கை இறுகிய அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய தொடைகள் நடுங்கின. கூச்சம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கிச்சுகிச்சு மூட்டினேன். என்னைச் சந்தோஷப்படுத்த அவன் தன் பலம் முழுவதையும் கூட்டி முழங்கால்களை நெருக்கிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியவில்லை.