ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

அந்தப் புதன்கிழமை காலை எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், தங்கை செல்வி, அம்மா, அம்மாவின் அண்ணன் — அதாவது மாமா. இல்லாதவர் அப்பா. சாமை மூட்டையோடு போளூர் போயிருந்தார். இருந்திருந்தால் என் மானம் காலையிலேயே கப்பல் ஏறியிருக்கும். சாயங்காலம் வரை தள்ளிப் போனது.

செல்விக்குப் பதினோரு மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. சென்னைக் கம்பெனி; வீட்டிலிருந்தே செய்கிற பில்லிங் வேலை. கிடைத்தால் ஜவ்வாது மலையை விட்டு இறங்காமலே சம்பளம். கிடைக்காவிட்டால்... அமிர்தியிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளை ஜாதகத்துக்கு அம்மா தலையாட்டிவிடுவார். டைப்பிங் டெஸ்ட் உண்டு, போன் போதாது, கம்ப்யூட்டர் கட்டாயம் என்று மெயிலில் சொல்லியிருந்தார்கள்.

கம்ப்யூட்டர்தானே? அண்ணன் நான் எதற்கு இருக்கிறேன்?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பல்பு எரியவில்லையா, பேங்கிலிருந்து மெசேஜ் வந்ததா — என்னைத்தான் கூப்பிடுவார்கள். ‘தெரியாது’ என்று சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. வேலூர் போய்ப் பழைய மதர்போர்டு, மானிட்டர் எல்லாம் வாங்கி வந்தேன். அதையெல்லாம் உள்ளே வைக்கும் கேபினட் மட்டும் வாங்கவில்லை. மாமா ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். அவருடைய பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று, உள்ளே இருந்ததை எலி தின்றுவிட்டுப் போக, சும்மா கிடந்தது. முழங்கால் உயரம், கெட்டியான பலகை. எல்லாவற்றையும் அதற்குள்ளேயே மாட்டிவிட்டேன். யூடியூபில் இப்படி எத்தனை பேர் செய்கிறார்கள்...

சூடு மேலேதானே போகும்? மேல் பலகையில் வரிசையாகத் துளை போட்டேன். கீழே ஃபேன். பெட்டி தரையில், மானிட்டர் பக்கத்து மேசையில். மாமா வந்து சுற்றிப் பார்த்தார்.

“இன்னா மாப்ள, பாட்டு வருமா?”

“வரும் மாமா. வேலையும் வரும்.”

“அப்ப சரி. எம் பொட்டி ஏமாத்தாது.”

மூன்றாம் நாளிலிருந்து ஏமாற்ற ஆரம்பித்தது. தினமும் காலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றுவிடும். திறந்து பார்ப்பேன், எல்லாம் சரியாக இருக்கும். சூடு தணியப் பூசும் பேஸ்ட்டை மாற்றினேன். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். திங்கட்கிழமை மறுபடி வேலூர். ‘எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சு’ என்று, உள்ளே கரண்ட் கொடுக்கும் பாகத்தைக் காட்டிக் கடைக்காரரிடம் நானே சொன்னேன். அவர் மறுக்காமல் புதிது ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எதற்கு மறுக்கப் போகிறார்?

புதன்கிழமை. திரையில் ஒரு மேடம். செல்வி நன்றாகவே பதில் சொன்னாள். டைப்பிங் டெஸ்ட் ஆரம்பித்தது. ஐந்தாவது நிமிடம்... திரை கறுப்பு.

“போச்சா?” என்றார் அம்மா. குரலில் அமிர்தி தெரிந்தது.

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். “கரண்ட் விஷயம் மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, நேத்து இது நிக்கும்போது மாமா எங்க இருந்தாரு?”

“இங்கதான்.”

“முந்தாநேத்து?”

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் அப்போதுதான் பெட்டி மேலிருந்து எழுந்துகொண்டிருந்தார்.

“இன்னாத்துக்கு என்னியே பாக்குறீங்க? மார்கழிக் குளுரு. கீழேர்ந்து அனலு எதமா வருது, ஒக்காந்தேன். எம் பொட்டி மேல நான் ஒக்காரக் கூடாதா?”

நியாயம்தான். மைக் செட்காரர் திருவிழா முழுக்கத் தன் பெட்டி மேல்தான் உட்கார்ந்திருப்பார் — வேறு எவனும் கை வைத்துவிடக் கூடாது என்று. இருபது வருடப் பழக்கம். கண்ணெதிரே இருந்தவரை நான் கவனிக்கவே இல்லை. அது நின்ற ஒவ்வொரு தடவையும் நானேதான் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அவரும் எழுந்துவிடுவார். அவர் அடைத்திருந்த துளைகள் திறந்து, உள்ளே சேர்ந்த சூடு வெளியே போய்விடும். நான் மூடியைத் திறக்கும்போது எப்படிக் கோளாறு தெரியும்?

படித்தவர்களுக்கு இது ஒரு வியாதி. ஏதாவது நின்றால் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்போம். மூடி மேல் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க மாட்டோம்.

செல்வி அதற்குள் போனிலேயே மேடத்தைப் பிடித்துவிட்டாள். நான் ‘கரண்ட் போயிடுச்சுன்னு சொல்லு’ என்று சைகை காட்டினேன். அவள் அதைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

“சாரி மேடம். எங்க மாமா கம்ப்யூட்டர் மேல உக்காந்துட்டாரு.”

மேடம் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

“மேலயா?”

செல்வி கேமராவைத் திருப்பினாள். மாமா தலைமுடியைக் கையாலேயே படிய வைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“ஹலோ... மைக் டெஸ்ட்... ஒன், டூ, த்ரீ.”

மேடம் சிரித்து முடிக்க நேரமாயிற்று. வெள்ளிக்கிழமை மறுபடி டெஸ்ட் எழுதச் சொன்னார்.

சாயங்காலம் அப்பா வந்து எல்லாவற்றையும் கேட்டார். “பதினாறு வருசம் படிக்க வச்சேன். எம்மாம் பெரிய ஆளு ஒக்காந்துருக்காரு, கண்ணுக்குத் தெரில?” என்றார். அதுவே போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, டெஸ்ட் முடியும் வரை வாசலுக்கு வெளியே குளிரில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று செல்வி கூப்பிட்டும் வரவில்லை. செல்விக்கு வேலை கிடைத்தது. அமிர்தி ஜாதகம் அலமாரிக்குப் போனது.

புது எஸ்.எம்.பி.எஸ். தண்டம். அந்தத் தொகையை இங்கே எழுத எனக்கு மனமில்லை. உண்மையான ரிப்பேர், மாமாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு கம்பளியும் — ஆயிரத்து நூறு ரூபாய்.