தாழ்ப்பாளில் ஒரு ஹெல்மெட்

திருவொற்றியூரில் எங்கள் கன்டெய்னர் யார்டில், காலிப் பெட்டியை அடுக்கும் முன் ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஓட்டை இருந்தால் வெளிச்சம் ஊசியாய் உள்ளே குத்தும். போகிறவர் தன் ஹெல்மெட்டை வெளித் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். உள்ளே ஆள் என்று அர்த்தம். இதை எல்லோருக்கும் ஓதுகிற சூப்பர்வைசர் நான். அன்று என் வழுக்கைக்கு வெயில் ஆகாதென்று ஹெல்மெட்டோடே போய்விட்டேன்.

ஒரு ஓட்டையும் இல்லை. அவ்வளவு சுத்தமான இருட்டு. எப்போதோ ஏற்றிய மிளகாயின் நெடி. வெளியே தாழ் விழுந்தது. ஹெல்மெட் இல்லையே என்று, சிக்னல் காட்டும் பெரியவர் பூட்டிவிட்டார். அடுத்து தூக்கும் வண்டியின் உறுமல். ஓட்டுவது புதிதாகச் சேர்ந்த பெண். பெட்டி அடுக்கின் உச்சிக்குப் போகவேண்டியது; எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

கத்தினேன். வந்தது மனிதக் குரலே இல்லை. எனக்கே மயிர் கூச்செறிந்தது. கதவில் மும்மூன்றாகத் தட்டினேன். இன்ஜின் நின்றது.

"தாத்தா, உள்ள இன்னாமோ தட்டுது."

"தெரியும். தொறக்காத. மூலக்கொத்தளம் சுடுகாட்டுல பொதைச்சும் அடங்காததுங்கல்லாம் பொட்டில வந்துகினு கீது."

"அய்ய! வெயில்ல இரும்பு விரியுது. அவ்ளோதான். நான் தூக்கறேன்."

பேய்க்கும் பௌதிகத்துக்கும் நடுவே சாகப்போகிறேன் என்று புரிந்தது. தரை ஒரு சாண் எழும்பியது.

"எறக்கு, எறக்கு! இரும்பு இன்னா மூணு மூணாவா தட்டும்?"

பெட்டி இறங்கியது. மிளகாய் நெடி தன் வேலையைக் காட்டியது. யார்டே அதிரத் தும்மினேன்.

"பேயி தும்மாது தாத்தா. நம்ம சாரு!"

பெரியவர் தனியாக இருந்திருந்தால் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போயிருப்பார். அவள் தனியாக இருந்திருந்தால் என்னை உச்சியில் வைத்திருப்பாள். இருவருக்கும் ஒத்துப்போகாததால் பிழைத்தேன்.

வெளியே இழுத்துவிட்ட பெரியவர் கேட்டார்: "கதவாண்ட மூணு மூணா தட்டினே, சரி. அதுக்கு மின்னாடி கோடி சுவத்துல ஒண்ணொண்ணா ஏன் நைனா தட்டினே?"

நான் கதவை விட்டு நகரவே இல்லை.

இரும்பு, வெயில் என்று ஏதாவது சொல்வாள் என்று இருவரும் அவளைப் பார்த்தோம். அவள் மெல்லக் கதவைச் சாத்தினாள். தன் ஹெல்மெட்டைக் கழற்றித் தாழ்ப்பாளில் மாட்டினாள்.